ஜோ மார்ட்டின்

ஜோ எல்ஸ்பி மார்ட்டின் (1916–1996), அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் காவலராகப் பணியாற்றியவர்; பணி முடிந்த நேரத்தில் சிறுவர்களுக்குக் குத்துச்சண்டை கற்பித்தவர். முகமது அலியின் முதல் பயிற்றுநர் இவரே.

சைக்கிள் நிகழ்ச்சி

1954 அக்டோபரில் கொலம்பியா அரங்கில் கறுப்பின வணிகர்களின் கண்காட்சி நடந்தது. இலவசத் தின்பண்டம் தேடி உள்ளே போன 12 வயது காசியஸ் கிளே (பின்னாளில் அலி) வெளியே வந்து பார்த்தால், புத்தம் புதிய ஷ்வின் சைக்கிளைக் காணோம். கீழ்த்தளத்தில் ஒரு போலீஸ்காரர் இருப்பதாக யாரோ சொல்ல, அழுதுகொண்டே இறங்கினான். அங்கேதான் மார்ட்டினின் பயிற்சிக்கூடம் இருந்தது. திருடியவனை விடமாட்டேன், அடித்து நொறுக்குவேன் என்று கொதித்த பையனிடம், அதற்கு முன் சண்டை போடக் கற்றுக்கொள் என்றார் மார்ட்டின். புகாரை எழுதிக்கொண்டு, கூடத்தில் சேரும் படிவத்தையும் கையில் கொடுத்தார். சைக்கிள் கிடைக்கவில்லை. சில வாரங்களில் கிளே தன் முதல் பந்தயத்தை வென்றான்.

பயிற்சிக்கூடம்

லூயிவில் பள்ளிகளில் 1956 வரை இனப்பிரிவினை நீடித்தது. மார்ட்டினின் கூடத்திலோ வெள்ளைப் பையனும் கறுப்புப் பையனும் ஒரே மேடையில் மோதினார்கள். அவருடைய சாதனைகளில் இதையே முதலில் சொல்லவேண்டும். உள்ளூர்த் தொலைக்காட்சியில் அவர் நடத்திய 'நாளைய வெற்றியாளர்கள்' நிகழ்ச்சியில் சண்டையிட்ட சிறுவனுக்கு 4 டாலர் கிடைத்தது. அதைப் பார்த்து வந்தவர்களில் ஒருவரான ஜிம்மி எல்லிஸ் 1968-இல் உலக ஹெவிவெயிட் பட்டம் பெற்றார். அதே நகரின் கறுப்பினப் பயிற்றுநர் பிரெட் ஸ்டோனரே தனக்கு நுணுக்கம் கற்பித்தார் என்று அலி பின்னர் எழுதியதுண்டு. ஸ்டோனரின் பங்கு பெரிது; ஆனால் கதவைத் திறந்தவர் மார்ட்டின்.

விமானமேறப் பயந்த கிளேயிடம் மணிக்கணக்கில் பேசி 1960-இல் ரோம் ஒலிம்பிக்குக்கு அனுப்பினார். கிளே லைட் ஹெவிவெயிட் தங்கம் வென்று தொழில்முறைக்கு மாறியதும் இருவரும் பிரிந்தனர்.

மலேசியாவில்

அலி 1975 ஜூலை 1 அன்று கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் ஜோ பக்னருடன் 15 சுற்றுகள் மோதிப் புள்ளிகளில் வென்றார். அதே நாட்டின் பேராக் மாநிலத்தில் அப்போது தோட்டத் துண்டாடல், அதாவது பெரிய தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்பது, பல தமிழ்க் குடும்பங்களை ஏற்கெனவே வேரோடு பெயர்த்திருந்தது. அம்மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் தோட்டங்களை வாங்கித் தொழிலாளர்களைக் காக்கத்தான். தோட்டத்தை இழந்து ஈப்போ போன்ற நகரங்களின் ஓரத்தில் குடியேறிய வீட்டுப் பிள்ளைகள் சிலரைக் குண்டர் கும்பல்கள் இழுத்துக்கொண்டன. 2013-இல் உள்துறை அமைச்சு 49 கும்பல்களைச் சட்டவிரோதமானவை என அறிவித்தது. பட்டியல் போட்டால் மட்டும் பையன்கள் திரும்பமாட்டார்கள். மார்ட்டினைப் போல மாலை வேளையில் கையுறையோடு காத்திருக்கும் ஒரு காவலர், பேராக்கின் ஒவ்வொரு பழைய தோட்ட ஊருக்கும் கிடைக்கவேண்டும்.