செவிப்பொறியும் புணர்ச்சி இலக்கணமும்

பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் பொறிக்கு இலக்கண அறிவு வேண்டுமோ என்னும் வினா தமிழாய்வார்க்குப் புறம்பானதன்று. ஒலியாய்வும் தொடராய்வும் ஒன்றுபட்ட வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

1971 முதல் 1976 வரை அமெரிக்கப் பாதுகாப்புத்துறையின் ஆராய்ச்சி முகமை பேச்சுணர் ஆய்வுக்குப் பொருள் நல்கிற்று. அதன் பயனாய்க் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் எழுந்த ‘ஹார்பி’ 1,011 சொற்களை அறிந்தது. ஒலி, சொல், தொடர் ஆகிய மூன்றன் விதிகளையும் அது ஒரே வலையாகப் பின்னிற்று. இலக்கணம் இடந்தாராத சொல்லைத் தேடாது விடுத்தது. பின்னர், மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஸ்டெபனி செனெஃப் ‘டீனா’ என்னும் பகுப்பு முறையை வகுத்து, விதியோடு நிகழ்தகவையும் இணைத்தார்.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பயிர்ச்செய்தி கூறும் பேச்சுப்பொறி ஒன்றைப் பெர்க்கிலிக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரோடு கூடி அமைத்தனர். அவ்வாய்வு 2006-இல் வெளிவந்தது. அப்பொறி அறிந்தவை சில சொற்களே. தனிச்சொல்லைக் கேட்க அது சாலும். தொடரைக் கேட்கச் சாலாது.

ஏன் சாலாது? ‘வேலை கொடுத்தான்’ என்பது பணி தந்ததைக் குறிக்கும்; ‘வேலைக் கொடுத்தான்’ என்பது வேற்படையைத் தந்ததைக் குறிக்கும். இரண்டாம் வேற்றுமையைக் காட்டுவது ககர மெய்யின் நீட்டமே. கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளிக்குச் செல்வார் ஒருவர், ‘காரவள்ளிக்குப் போகணும்’ எனலாம். ‘காரவள்ளி போகணும்’ எனவும் கூறலாம். முன்னதில் மிக்க பகரம், நான்காம் உருபு முடிந்ததென்பதற்குச் சான்றாகிறது. பின்னதில் உருபு தொக்கது. ஆகவே புணர்ச்சி என்பது பொறி களைய வேண்டிய சிதைவன்று. அது தொடரமைப்பை அறிவிக்கும் குறியாம்.

இக்காலப் பொறிகள் பேரளவுப் பேச்சுப்பதிவுகளினின்று தாமே கற்பனவாதலின் விதிகள் வேண்டா என்பார் உளர். பதிவு மிக்க வழக்கிற்கு அக்கூற்று பெரிதும் பொருந்தும். பதிவு அருகிய மலைவாழ் மக்கள் பேச்சிற்கு அஃது எங்ஙனம் பொருந்தும்? ஆயினும் நூல்விதியை அவ்வாறே பொறிக்கு ஊட்டலும் தவறாம். எழுத்தில் மிகும் வல்லினம் பேச்சில் யாண்டும் மிகும் என்று கொள்வதற்கில்லை. தொல்காப்பியப் பாயிரம் வழக்கையும் செய்யுளையும் ஒருங்கே முதலாகக் கொண்டது. நாமோ செய்யுளுக்குச் செய்த ஆய்வை வழக்கிற்குச் செய்தோமல்லோம். காரவள்ளி போன்ற ஊர்களில் வழங்கும் புணர்ச்சியைக் கேட்டு, பதிந்து, வகைப்படுத்துதல் தமிழ்த்துறைகளின் கடன். அதனை நாம் செய்யாதொழியின், அம்மக்கள் பேச்சு பொறிக்குப் பிழையாகவே தோன்றும்.