ஔவையின் வெண்புடவை

ஆனிச் சாரல் ஓயாது தூறிக்கொண்டிருந்த ஓர் இரவில், குற்றாலத்து விடுதியொன்றில் தங்கியிருந்தபோது, ஜெமினி நிறுவனத்தார் 1953ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஔவையார்’ படத்தை ஆதியோடந்தமாக மறுபடியும் பார்த்தேன். 1940களில் டி. கே. சண்முகம் மேடையில் ஔவை வேடம் புனைந்து, அவ்வேடத்தின் பெயரையே தம் பெயருக்கு முன்னால் விருதாகப் பெற்றுக்கொள்ளும்படி மேடையில் சோபித்த சரித்திரம் அது. திரையில் அந்த மூதாட்டியாக நடித்த கே. பி. சுந்தராம்பாளும் நாடக மேடையிலே வளர்ந்தவரே. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், கொட்டகையின் கடைசியில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கும் சொல் தெளிவாகக் கேட்கவேண்டுமென்ற நிர்ப்பந்தத்தால் உச்ச சுருதியிலேயே பழகிப்போன சாரீரம், மைக்குக்கு முன்னால் வந்த பிறகும் தன் கம்பீரத்தைக் குறைத்துக்கொள்ளாததை அன்று காட்சிக்குக் காட்சி உணர்ந்தேன்.

அந்தச் சாரீரத்துக்கு ஈடுகொடுத்த மற்றொரு சாரீரம் பிறந்த ஊர், தென்காசிக்கு மேற்கே சில மைல் தூரத்தில், 1956 நவம்பர் வரையில் மலையாள ராஜ்யத்தோடு சேர்ந்திருந்த செங்கோட்டை. 1906இல் அங்கே பிறந்து, பால்யத்திலேயே நாடகக் கம்பெனிக்குப் போய், கன்னையா கம்பெனியில் பெரும்புகழ் எய்திய எஸ். ஜி. கிட்டப்பா, 1926இல் இலங்கையில், சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் வேலனாக மேடையேறியபோது, வள்ளியாக எதிரே நின்றவர் கொடுமுடி சுந்தராம்பாள். ஸ்பெஷல் நாடகத்தின் உயிர்நிலையே ராஜபார்ட் பாடிய பாட்டுக்கு ஸ்திரீபார்ட் அந்த க்ஷணத்திலேயே பதில் பாடுவதில்தான் இருந்தது; ஒத்திகை பார்த்து வைத்த பாட்டைவிட, எதிராளியின் பாட்டு கிளப்பிவிட்ட கற்பனையைக் கேட்கவே ஜனங்கள் விடியுமட்டும் கண்விழித்திருந்தார்கள். மேடையில் தொடங்கிய அந்தச் சம்வாதம் விவாகத்தில் முடிந்தது.

1931இல் தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ வந்தது. அதன்பின் நாடகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரைக்குப் பெயர்ந்தன. ‘வள்ளி திருமணம்’ கூட 1933இல் வேறு நடிகர்களைக் கொண்டு படமாயிற்று. அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி கிட்டப்பா இருபத்தேழு வயதில் காலமானார். கிராமபோன் தட்டுகளில் அவர் பாடுவதைக் கேட்கலாம். பாடும்போது அவர் எப்படி நின்றார், எப்படித் திரும்பினார் என்று காட்டுவதற்கு ஒரு படமும் இல்லை. தமிழ் நாடகத்துக்கு நேர்ந்த நஷ்டங்களில் இதைவிடப் பெரியது ஒன்றை என்னால் நினைக்க முடியவில்லை.

சுந்தராம்பாள் வெள்ளைப் புடவை தரித்தார். ஆடவரோடு ஜோடியாக நடிப்பதில்லையென்று உறுதி பூண்டார். 1935இல் ஒரு லட்ச ரூபாய் சன்மானத்தில் ‘நந்தனார்’ படத்துக்கு இசைந்தபோதும் அவர் ஏற்றது ஆண்வேடமே.

ஔவைக்கென்று படத்தில் உடுத்திய வெண்மை, அந்த அம்மையார் இருபது வருஷமாக வீட்டிலும் உடுத்திவந்த வெண்மைதான். ஒரு பாட்டு முடிந்து பக்கவாத்தியம் சற்றே ஓயும் இடங்களில், நாடகம் பார்த்துப் பழகிய காது தன்னையறியாமல் எதிர்ப்பாட்டுக்குக் காத்திருக்கிறது. அதற்குள் காட்சி மாறிவிடுகிறது.