கணினி எழுந்திருக்க ஏன் இவ்வளவு நேரம்? - ஒரு குட்டி வரலாறு

விண்டோஸ் எக்ஸ்பி 2001-ல் வந்தபோது 128 எம்.பி. ராம் இருந்தால் நல்லது, 64 எம்.பி. இருந்தாலும் ஓடும் என்றார்கள். ஓடியதுதான். ஆனால் கூடவே வேறு யாரெல்லாம் ஓடப்போகிறார்கள் என்று சொல்லவில்லை! திருவண்ணாமலை மாதிரி ஊர்களில் பிரவுசிங் சென்டருக்கோ டி.டி.பி. கடைக்கோ போனவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். டெஸ்க்டாப் வந்துவிடும், ஆனால் எதையும் தொட முடியாது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் குட்டி ஐகான்கள் ஒவ்வொன்றாக முளைத்து முடிக்கும்வரை மணல்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். 2012-ல் சென்னைக்கு வெளியே தினமும் பல மணி நேரம் மின்வெட்டு. யு.பி.எஸ். பேட்டரி செத்துப்போன கடையில் இந்தக் கூத்து ஒரு நாளைக்கு நாலைந்து தடவை நடக்கும்.

இந்தக் கும்பல் எங்கிருந்து வந்தது?

டாஸ் காலத்தில் ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான். கணினி எழுந்ததும் ஆட்டோஎக்ஸெக்.பேட் என்ற கோப்பில் எழுதியிருப்பதை வரிசையாகச் செய்யும், அவ்வளவுதான். 1980-களின் நடுவில் போர்லாண்ட் நிறுவனத்தின் சைட்கிக் பிரபலமானது. வேலை முடிந்தாலும் வெளியே போகாமல் நினைவகத்தில் பதுங்கியிருந்து, குறிப்பிட்ட விசையை அழுத்தினால் எட்டிப் பார்க்கும். இந்த மாதிரி புரோகிராம்களுக்கு டி.எஸ்.ஆர். என்று பெயர். நல்ல யோசனைதான். ஆனால் டாஸில் எல்லாருக்கும் சேர்த்து இருந்த இடமே 640 கே.பி. நாலு பேர் பதுங்கினால் ஐந்தாவது ஆளுக்கு இடமில்லை.

1991-ல் வந்த டாஸ் 5 இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. நம் ஊர்க்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். கார்த்திகை தீபத்தன்று பஸ்களை ஊருக்குள் விடாமல், வெளியே தற்காலிகப் பேருந்து நிலையம் போட்டு நிறுத்துவார்கள் இல்லையா? அதே மாதிரி லோட்ஹை என்ற கட்டளை, இந்தக் குட்டி புரோகிராம்களை 640-க்கு மேலே இருந்த காலி இடங்களில் கொண்டுபோய் நிறுத்தியது. ஊருக்குள் கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது.

1992-ல் விண்டோஸ் 3.1-ல் ஸ்டார்ட்அப் என்று தனியாக ஒரு குரூப்பே வந்தது. அது கண்ணுக்குத் தெரிந்த பட்டியல். வேண்டாததை நாமே தூக்கிப் போடலாம். வில்லங்கம் 1995-ல்தான் ஆரம்பித்தது. விண்டோஸ் 95-ல் ரெஜிஸ்ட்ரிக்குள் 'ரன்' என்ற இடத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும், அந்த மென்பொருள் ஒவ்வொரு முறையும் தானாக ஓடும். சாதாரண ஆள் அங்கே போய்ப் பார்க்கவே மாட்டார். குவிக்டைம், ரியல்பிளேயர், மெசஞ்சர் எல்லாம் அங்கே துண்டு போட்டு இடம் பிடித்தன. பாட்டே கேட்காத நாளிலும் பாட்டு மென்பொருள் விழித்திருக்கும். என்ன நியாயமோ!

விண்டோஸ் 98-ல் எம்.எஸ்.கான்ஃபிக் வந்தது. ரன் பெட்டியில் அந்தப் பெயரை அடித்தால் பட்டியல் வரும், வேண்டாததில் டிக்கை எடுத்துவிடலாம். அதன்பிறகு 'உங்கள் கணினியை வேகமாக்குங்கள்' என்று குறிப்பு எழுதாதவர்களே இல்லை. பெரும்பாலான குறிப்புகளில் ஒரு வரி கட்டாயம் இருக்கும்: சி.டி.எஃப்.மான் தேவையில்லை, எடுத்துவிடுங்கள்.

எனக்குக் கோபம் வருவது இந்த வரியில்தான். சி.டி.எஃப்.மான் என்பது எக்ஸ்பியில் மொழிப் பட்டையைக் கவனித்துக்கொள்ளும் புரோகிராம். ஆங்கிலம் மட்டும் அடிப்பவருக்கு அது தண்டம். எக்ஸ்பி குறுந்தகட்டைத் தேடிப்பிடித்துத் தமிழ் எழுத்துகளுக்கான கோப்புகளைப் போட்டு, தமிழ் விசைப்பலகையையும் சேர்த்தவருக்கு? மொழிப் பட்டையே காணாமல் போய்விடும். குறிப்பு எழுதியவர் மனதில் நாம் இல்லவே இல்லை.

இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர், மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். இவை பின்னணியில் ஓடியே ஆக வேண்டும். 'அம்மா' என்று வர ஏ, எம், எம், ஏ, ஏ என்று அடிக்கிறோம். எந்த ஜன்னலில் அடித்தாலும் ஒவ்வொரு விசையையும் வழியிலேயே பிடித்து, முன்பு என்ன அடித்தோம் என்று ஞாபகம் வைத்து, 'ம்'மை அழித்து 'ம' போட்டு, பிறகு அதை 'மா' ஆக்க வேண்டும். தூங்கிக்கொண்டு இதைச் செய்ய முடியாது. ஆனால் எம்.எஸ்.கான்ஃபிக் பட்டியலில் ரியல்பிளேயருக்கும் இதற்கும் ஒரே மரியாதை, ஒரு டிக் பெட்டி!

லினக்ஸிலும் இதேதான். 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. லினக்ஸில் தமிழ் அடிக்க ஸ்கிம், பின்னாளில் ஐபஸ் பின்னணியில் ஓட வேண்டும். ஐபஸ் எழுந்திருக்கவில்லை என்றால் தமிழும் எழுந்திருக்காது.

2012-ல் விண்டோஸ் 8 இந்தப் பட்டியலை டாஸ்க் மேனேஜருக்குள் கொண்டுவந்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'பாதிப்பு' அதிகமா குறைவா என்று எழுதியது. எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்று சொல்லும், எதற்கு உதவுகிறது என்று சொல்லாது. 2019-ல் விண்டோஸ் 10-க்குள்ளேயே தமிழ் ஒலியியல் விசைப்பலகை வந்துவிட்டதால் தனி மென்பொருள் போடாமலும் அடிக்கலாம். அந்தப் பழைய சி.டி.எஃப்.மான் இன்னும் பின்னணியில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதை நிறுத்தினால் விண்டோஸ் 10-ன் தேடல் பெட்டியில் ஆங்கிலம்கூட அடிக்க முடியாமல் போகலாம் :-)