மஸ்டர் ரோலில் இல்லாத பிரசவம்

என் தம்பி பிறந்தது 1995 ஐப்பசியில். அடைமழை. அன்று காலை ஆறரை மணி வரைக்கும் அம்மா பஸ் ஸ்டாண்டு பெருக்கிக்கொண்டிருந்தாள். வலி எடுத்ததும் விளக்குமாறைச் சுவரோரம் சாத்திவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தாள். பத்தொன்பதாம் நாள் திரும்பவும் வேலைக்குப் போய்விட்டாள். "பச்ச ஒடம்புக்காரி, முப்பது நாளாச்சும் கழியட்டும் தாயி" என்று அப்பத்தா வாசலில் மறித்தது. அம்மா சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "மஸ்டர்ல பேரு போயிருச்சுன்னா அப்புறம் யாரு அத்தே போடுவா?"

பேர் ஏற்கெனவே போயிருந்தது. மேஸ்திரியைக் கெஞ்சி மறுபடியும் எழுதிக்கொண்டபோது அவள் 'புது ஆள்'. அதற்கு முன்னால் தினக்கூலியாக அள்ளிய ஆறு வருஷத்துக் குப்பை கணக்கிலே இல்லை. அவளோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த ஆண்கள் நாலு பேர் 1999இல் நிரந்தரமானார்கள். அதில் ஒருத்தர் பின்னால் மேஸ்திரியாகி அம்மாவுக்கே வருகை போட்டார். அவரும் எங்கள் தெரு ஆள்தான், நல்ல மனுஷன். அவருக்கும் அதே 1995இல் ஒரு பிள்ளை பிறந்தது. ஆனால் அவர் பேர் மஸ்டரில் ஒருநாள்கூட விடுபடவில்லை.

எம்.ஏ. தமிழ் படித்தபோது தாய்மையைப் போற்றும் பாட்டுக்கள் எத்தனையோ எனக்குப் பாடமாக இருந்தன. பிரசவத்துக்குச் சம்பளம் உண்டா இல்லையா என்பது பற்றி எந்த வகுப்பிலும் ஒரு வரி கேட்டதில்லை. அது இலக்கியம் இல்லையாம். அந்த வரலாற்றை நானாகத்தான் தேடிப் படிக்க வேண்டியிருந்தது.

1919இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாடே வேலை செய்கிற பெண்ணின் பிரசவம் பற்றி ஓர் உடன்படிக்கை போட்டது. பிரசவத்துக்கு முன் ஆறு வாரம், பின் ஆறு வாரம். வெள்ளைக்கார சர்க்கார் இந்தியாவுக்காக அதில் கையெழுத்துப் போடவில்லை. 1924இல் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் ஒரு பேறுகால மசோதா கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. பிறகு பம்பாய் மாகாண சபையில் ஆர்.எஸ். அசவலே ஒன்றைக் கொண்டுவந்தார். 1928 ஜூலை 28ஆம் தேதி அதை ஆதரித்துப் பேசியவர் அண்ணல் அம்பேத்கர்.

அந்தப் பேச்சில் இரண்டு விஷயம் உண்டு. பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது தேசத்தின் நலன், ஆகவே அந்தச் செலவில் பெரும்பங்கைச் சர்க்கார் ஏற்க வேண்டும் என்றார். இது ஒன்று. அதற்காக முதலாளியை விட்டுவிடவும் இல்லை. பெண்ணைக் குறைந்த கூலிக்கு வைத்து அதிக லாபம் பார்க்கிறவன் அவன், அவனும் ஒரு பங்கு கொடுத்தாக வேண்டும் என்றார். பெண்ணுக்குக் கூலி குறைவு என்பதை எல்லோரும் இயற்கை மாதிரி பேசிக்கொண்டிருந்த காலம் அது. அதை முதலாளியின் வரவுக் கணக்கில் எழுதிக் காட்டினார் பாபாசாகேப். நம் மேடைகளில் அவருடைய இந்தப் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை.

1929இல் பம்பாய்ச் சட்டம் வந்தது. பிரசவத்துக்கு முன் மூன்று வாரம், பின் நாலு வாரம், நாளுக்கு எட்டணா. சென்னை மாகாணம் 1934இல் தனக்கொரு சட்டம் செய்துகொண்டது. எல்லாமே ஆலைக் கதவோடு நின்றுவிட்டன. நாற்று நட்டவளுக்கும் கல் உடைத்தவளுக்கும் தெரு கூட்டியவளுக்கும் எட்டணா கிடையாது. நம் பெண்களில் பெரும்பாலோர் அந்தக் கதவுக்கு வெளியேதான் இருந்தார்கள்.

உள்ளே போனவர்கள் நிலை என்ன? பம்பாய் ஆலைகளில் நெசவுப் பிரிவில்தான் கூலி அதிகம். தலித்துகளை அங்கே விடுவதில்லை. நாடாவில் நூலை வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டும், மகர் வாய் வைத்த நாடாவைச் சாதி இந்து தொழிலாளி தொடமாட்டான். 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைக் கேள்வியாக்கிய பிறகுதான் தொழிற்சங்கத் தலைவர்கள் இதைப் பற்றிப் பேசவே ஆரம்பித்தார்கள். 'மேல்வேலை' என்பதற்குத் திறமை மட்டும் போதாது, எச்சிலுக்கும் சாதி பார்த்தார்கள். நம் ஆண்களுக்கே மறித்த கதவு அது.

அடுத்து நிலக்கரிச் சுரங்கம். இது கொஞ்சம் சங்கடமான பக்கம். நம் தோழர்கள் சிலர் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள், நான் தாண்டவில்லை. ஜாரியா, ராணிகஞ்ச் சுரங்கங்களில் பாவுரி, சந்தாலிப் பெண்கள் புருஷன் வெட்டிய கரியைக் கூடையில் சுமந்து வண்டியில் கொட்டினார்கள். பெண்களைச் சுரங்கத்துக்குள் இறக்குவது ஆரோக்கியத்துக்குக் கேடு என்று 1929இல் விதி போட்டுப் படிப்படியாகக் குறைத்து 1937இல் முழுக்கத் தடுத்தார்கள். யுத்தத்தில் கரி பற்றாமல் போனதும் 1943இல் அந்தத் தடையைத் தற்காலிகமாக நீக்கினார்கள். அப்போது வைஸ்ராய் சபையில் தொழிலாளர் துறை அம்பேத்கர் கையில் இருந்தது. அகில இந்திய மாதர் மாநாடு எதிர்த்தது, மத்திய சட்டசபையில் கண்டனத் தீர்மானம் வந்தது. 1944 பிப்ரவரியில் அவர் எழுந்து பதில் சொன்னார். யுத்த நெருக்கடி, கரி இல்லாமல் முடியாது என்றார். சுரங்கத்துக்குள் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று நிபந்தனை வைத்திருப்பதையும் சொன்னார். சுரங்கப் பெண்களுக்கான பேறுகாலச் சட்டத்தை 1943லும் 1945லும் அவர் துறையே திருத்தியது. 1946 பிப்ரவரியில் தடை திரும்ப வந்தது.

தடையை நீக்கியது சரியா என்று கேட்டால், சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கர்ப்பிணியை இருட்டுக்குள் இறக்குவதை எந்தக் காரணம் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் தடை போட்டவர்களையும் கேட்க வேண்டியிருக்கிறது. கரி சுமந்தவளைச் சுரங்கத்தை விட்டு வெளியே அனுப்பினீர்கள், வெளியே அவளுக்கு என்ன வேலை வைத்திருந்தீர்கள்? 'உடம்புக்கு ஆகாது' என்று சொல்லி வேலையைப் பிடுங்குவது ஆரோக்கியப் பாதுகாப்பா? 2019இல் மத்திய அரசு பெண்கள் மறுபடியும் சுரங்கத்துக்குள் போகலாம் என்றது. யாருக்கு? தொழில்நுட்பம், மேற்பார்வை, நிர்வாகம் ஆகிய வேலைக்காரர்களுக்கு. பட்டம் படித்த பெண் தலைக்கவசத்தோடு இறங்குகிறாள், சந்தோஷம். கூடை சுமந்தவளின் பேத்தி அந்தப் பட்டத்தை எங்கே போய் வாங்குவாள் என்று அந்த அறிவிப்பு யோசித்ததாகத் தெரியவில்லை.

1961இல் நாடு முழுமைக்குமான பேறுகாலச் சட்டம் வந்தது. பன்னிரண்டு வாரம் சம்பளத்தோடு விடுப்பு. பேறுகால விடுப்பில் இருப்பவளை வேலைநீக்கம் செய்யக் கூடாது என்று தனிப் பிரிவே போட்டார்கள். போட வேண்டியிருந்தது, ஏனென்றால் வயிறு தெரிந்ததுமே கணக்கு முடித்து அனுப்புவதுதான் முதலாளிமார் கண்டுபிடித்த குறுக்குவழி. முந்தைய ஒரு வருஷத்தில் 160 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 1988இல் 80 ஆகக் குறைத்தார்கள். 2017இல் விடுப்பு இருபத்தாறு வாரமாகியது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் பிள்ளைக் காப்பகம் கட்டாயம் என்றார்கள். பத்திரிகைகள் பாராட்டின. இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இருபத்தாறு வாரச் சம்பளம் முழுக்க முதலாளி தலையில்தான். 1928இல் அம்பேத்கர் சர்க்காரைப் பெரும்பங்கு ஏற்கச் சொன்னது ஏன் என்று இப்போது விளங்குகிறது. செலவு மொத்தமும் தன் தலையில் என்றால், கல்யாணமான பெண்ணை வேலைக்கே எடுக்காமல் விட்டுவிடுவது முதலாளிக்குச் சுலபம்.

நம் பெண்களுக்கோ எத்தனை வாரம் என்பதே பிரச்சினையில்லை. நாள் கணக்கு யார் கையில் இருக்கிறது என்பதுதான் பிரச்சினை. தமிழ்நாட்டில் 1981ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. தொழில் நிறுவனத்தில் 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும். பேறுகால விடுப்பையும் அந்தக் கணக்கில் சேர்க்கலாம் என்று அதிலேயே வழி இருக்கிறது. ஆனால் 'விடுப்பு' என்று எழுதினால்தானே சேரும்? பேரையே அடித்துவிட்டால் அது விடுப்பு இல்லை, அவள் வேலையை விட்டுப் போனவள். 480ஐ நெருங்குகிறவள் ஒரு பிரசவத்தில் பூஜ்யத்துக்குப் போய்விடுவாள். இரண்டு பிள்ளை பெற்றால் இரண்டு தடவை பூஜ்யம்.

டெல்லியில் சாலை போடவும் பள்ளம் தோண்டவும் மஸ்டர் ரோலில் இருந்த பெண்கள் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். நிரந்தரப் பணியாளருக்கு மட்டும்தான் பேறுகால விடுப்பு என்றது டெல்லி மாநகராட்சி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2000 மார்ச் 8ஆம் தேதி, பெண்கள் தினத்தன்று, மஸ்டர் ரோல் பெண்களுக்கும் 1961ஆம் வருடச் சட்டத்தின் பலன் உண்டு என்று தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்ன நடந்தது? நகராட்சிகள் மஸ்டர் ரோலையே சுருட்டிவைத்துவிட்டு காண்ட்ராக்டுக்கு விட்டன. இப்போது பேரை எழுதுகிறவன் காண்ட்ராக்டர், அடிக்கிறவனும் அவனே.

கரும்பு வெட்டுக்குப் போகிற மகாராஷ்டிரத்து பீட் மாவட்டப் பெண்களைப் பற்றி 2019இல் செய்தி வந்தது. புருஷன் பெண்டாட்டி சேர்ந்து ஒரு ஜோடி, முன்பணம் வாங்கிக்கொண்டு போவார்கள். ஒருநாள் வராவிட்டால் அபராதம். மாதவிலக்கு வலி, வெள்ளைப்படுதல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர்களிடம் கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொன்னார்கள். அரசு அமைத்த குழுவின் கணக்கெடுப்பிலேயே பதிமூவாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கர்ப்பப்பை இல்லை. அவர்களில் தலித் பெண்கள் நிறையப் பேர். எட்டணாச் சட்டம் நிறைவேறிய பழைய பம்பாய் மாகாணத்துக்குப் பக்கத்துச் சீமைதான் பீட். தொண்ணூறு வருஷத்துக்குப் பிறகு அங்கே ஒருநாள் கூலிக்காக உறுப்பையே அறுத்துக்கொடுக்கிறார்கள்.

என் அம்மாவுக்கு நாற்பத்து நாலு வயதில் அடியிறக்கம் என்று சொல்லி கர்ப்பப்பையை எடுத்தார்கள். பச்சை உடம்போடு பாரம் தூக்கியிருக்கிறீர்களா என்று டாக்டரம்மா கேட்டார். குப்பை வண்டி தள்ளியதைச் சொன்னாள். டாக்டரம்மா குறித்துக்கொள்ளவில்லை, வெறுமனே கேட்டிருக்கிறார்.

அம்மா நிரந்தரமானது 2004இல். 2003 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது என்று அரசு விதி போட்டிருந்தது. 1999இல் நிரந்தரமான அந்த நாலு பேரும் பழைய ஓய்வூதியத்தோடு வேலையிலிருந்து இறங்கினார்கள். அம்மா 2024இல் இறங்கியபோது ஒரு சால்வையும், தன் சம்பளத்தில் பிடித்த பணமும் கையில் வந்தன.

டெல்லித் தீர்ப்பைப் பற்றி ஒருநாள் அவளிடம் நிதானமாகச் சொன்னேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அது எந்த வருஷம்?"

"ரெண்டாயிரம்."

"அப்ப உன் தம்பிக்கு அஞ்சு வயசு" என்றாள். முறத்தை ஒருதரம் தட்டிவிட்டு, "அந்தக் காயிதத்த எனக்கு ஒண்ணு எடுத்துக் குடு. சுசீலா மகளுக்கு ஏழு மாசம், காண்ட்ராக்டுல கூட்டுறா" என்றாள்.