குதிகால் வலிக்கான குத்தூசி மருத்துவம்

குதிகால் வலிக்கான குத்தூசி மருத்துவம் (அக்குபஞ்சர்) என்பது மெல்லிய ஊசிகளைத் தோலில் செருகிக் குதிகால், பாத வலியைத் தணிக்க முயலும் சீன மரபுவழிச் சிகிச்சை முறையாகும். குதிகால் எலும்பிலிருந்து விரல்களை நோக்கிச் செல்லும் உள்ளங்கால் திசுப்பட்டை பாதிக்கப்படுவதே இவ்வலிக்குப் பொதுவான காரணமாகும். காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் வலி மிகுந்திருக்கும்.

ஊசி இடும் இடங்கள்

உட்கணுக்கால் எலும்புக்கும் குதிகால் தசைநாணுக்கும் இடையிலுள்ள தைசீ புள்ளியில் ஊசி இடப்படுவதுண்டு. மணிக்கட்டின் உட்புறத்திலுள்ள தாலிங் புள்ளியும் பயன்படுத்தப்படுகிறது.

ஆய்வுகள்

2011 இல் வெளியான ஆய்வில் 53 பேர் பங்கேற்றனர். தாலிங் புள்ளியில் ஊசி இடப்பட்டவர்களுக்கு, கையிலுள்ள ஹெகு புள்ளியில் இடப்பட்டவர்களை விட ஒரு மாதத்தில் வலி கூடுதலாகக் குறைந்தது. இதையொத்த, தசை முடிச்சுகளில் ஊசி இடும் முறை 2014 இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் 84 பேரிடம் போலி ஊசியுடன் ஒப்பிடப்பட்டது. வலி ஓரளவு குறைந்தது. எனினும் ஊசி இட்ட இடத்தில் தற்காலிக வலி பலருக்கு ஏற்பட்டது. இவை சிறிய ஆய்வுகள் என்பதால் நீண்டகாலப் பயனை இவற்றைக் கொண்டு உறுதிசெய்ய இயலாது.

எச்சரிக்கை

குருதி உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோரும், நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களும் முதலில் மருத்துவரின் ஆலோசனையைப் பெறுதல் வேண்டும். தசை நீட்சிப் பயிற்சி, பொருத்தமான காலணி ஆகியவற்றுக்கு இது மாற்றாகாது.