மன்னார் வழி வந்த மலையகத் தாய்

மன்னார்த் தீவிலே மன்னார் நகருக்கும் பேசாலைக்கும் இடையில் அமைந்த சிற்றூர் தோட்டவெளி. தலைமன்னார்த் துறையை நோக்கிச் செல்லும் தெருவும் புகையிரதப் பாதையும் இவ்வூரூடாகவே செல்கின்றன. 1544ஆம் ஆண்டில் மன்னாரிலே கொல்லப்பட்ட கிறித்தவர்களின் நினைவைப் பேணும் ஆலயம் இங்குண்டு. பெயர் அறியப்படாதோரையும் மறவாது போற்றும் மரபுடைய இவ்வூரைக் கடந்து, பெயர் அறியப்படாத வேறொரு மக்கட்கூட்டமும் சென்றது. தமிழகத்திலிருந்து மலைநாட்டுத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளரே அவர்கள்.

இம்மக்களைப் பற்றிய வரலாறு பெரும்பாலும் எண்ணிக்கையாகவே எழுதப்பட்டுள்ளது. இத்தனை பேர் வந்தனர், இத்தனை பேர் திரும்பினர் என்ற கணக்கினுள் பெண்கள் மறைந்துவிடுகின்றனர். ஆயின், வந்துபோகும் கூலிப்படையாய் இருந்தோரை நிலைபெற்ற ஒரு சமூகமாக்கியவள் தாயே என்பது ஊன்றி நோக்குவார்க்குப் புலனாகும். அவ்வாறிருந்தும், அச்சமூகத்தின் உரிமையை அளந்த சட்டம் தாயைக் கணக்கில் எடுக்கவில்லை. இம்முரண்பாட்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோப்பிப் பயிர்ச்செய்கை பரவிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வந்தோருட் பெரும்பான்மையினர் ஆடவர். பாக்கு நீரிணையைத் தோணியிற் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை காட்டுவழியே நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழியிலே பலரைப் பலிகொண்டன. கோப்பி பறிக்கும் காலம் முடிந்ததும், உயிர் எஞ்சியோர் ஊர் திரும்பினர். ஆகவே அக்காலத்துக் குடியேற்றம் பருவந்தோறும் வந்துபோகும் பெயர்வாகவே இருந்தது.

1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோயினாற் கோப்பி அழிந்தது. அதனிடத்தைத் தேயிலை பெற்றது. இம்மாற்றம் பயிரின் மாற்றம் மட்டுமன்று. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. சில நாட்களுக்கொரு முறை தவறாது பறிக்கப்பட வேண்டியது. கொழுந்தெடுக்கும் வேலைக்குப் பெண்களே மிகுதியாக அமர்த்தப்பட்டனர். ஆண்டு முழுவதும் உழைப்பை வேண்டிய தோட்டம் குடும்பத்தையே வேண்டியது. அடுப்பு மூட்டப்பட்ட இடத்திலே தொட்டிலும் கட்டப்பட்டது. ஊர் திரும்புதல் என்பது நாளடைவில் பேச்சளவில் நின்றது.

1914ஆம் ஆண்டிலே பாம்பன் பாலமும், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலான கப்பற் சேவையும் தொடங்கின. நடந்து கடந்த காட்டைப் புகையிரதம் கடந்தது. மண்டபம் முகாமிலே சில நாள் தடுத்துவைக்கப்பட்டு, நோய்ச் சோதனைக்குள்ளாகி, அம்மைப்பால் குத்தப்பெற்ற பின்னரே தொழிலாளர் கப்பலேற்றப்பட்டனர்.

அவ்வழி வந்த தாயொருத்தியை மனக்கண்முன் நிறுத்துவோம். அவள் தனியொருத்தியல்லள், தன் தலைமுறையினர் பலரின் பொதுவடிவம். 1925ஆம் ஆண்டளவில் பத்து வயதுச் சிறுமியாய்ப் பெற்றோருடன் தலைமன்னாரில் இறங்குகிறாள். வண்டியின் சாளரத்தூடே தோட்டவெளியின் பனைகளைப் பார்க்கும்போது, அவை இராமநாதபுரத்துப் பனைகளைப் போலவே தோன்றியிருக்கும். கடல் கடந்தும் நிலம் மாறவில்லையே என அவள் எண்ணியிருப்பாள். மறுநாள் மலையும் குளிரும் அவளுக்கு உண்மையை உணர்த்தியிருக்கும்.

தோட்டத்திலே அவளுடைய நாள் விடியுமுன் தொடங்கியது. சமைத்து, பிள்ளைகளை எழுப்பி, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, பெரட்டுக் களத்துக்கு ஓடவேண்டும். தலைக்கயிற்றில் தொங்கும் கூடையுடன் அட்டை கடிக்கும் மலைச்சரிவில் ஏறவேண்டும். மாலையிலே கொழுந்து நிறுக்கப்படும்போது றாத்தல் குறைந்தால் அரைநாட் பெயரே விழும். லயத்துக்குத் திரும்பியதும் விறகும் தண்ணீரும் சமையலும் அவளுக்கே உரியன. ஒரே நாளில் இரு நாள் வேலை செய்தவள் அவள். எனினும், 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனச் சட்டத்தின் கீழும் பெண்ணின் நாட்கூலி ஆணின் கூலியிற் குறைந்ததாகவே வகுக்கப்பட்டது. தோட்டத்துறையிலே ஆண் பெண் இருபாலார்க்கும் சமவேதனம் 1984ஆம் ஆண்டிலேதான் கிட்டியது.

இவ்வளவு சுமையினிடையிலும் அவள் ஒரு பண்பாட்டைக் காத்தாள். தாலாட்டும் ஒப்பாரியும், மாரியம்மன் திருவிழாவும், உறவுமுறை அழைப்பும், ஊர்ப்பெயர்களும் எழுத்தறியாத அவளுடைய நினைவிலேயே தங்கி அடுத்த தலைமுறைக்குச் சென்றன. பேரப்பிள்ளைகள் ‘அம்மாயி’ எனச் சுற்றி அமர்ந்து கேட்ட கதைகளே அக்குடும்பத்தின் சரித்திரம். 1939ஆம் ஆண்டில் இந்திய அரசு தொழிலாளர் இலங்கைக்கு வருவதைத் தடைசெய்த பின்னர், தாயூரை அறியாப் பிள்ளைகளுக்கு அவ்வூரை அறிவித்தவளும் அவளே.

ஆயின் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் கேட்டது வேறு. அச்சட்டத்துக்கு முன்னர் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரசையாவதற்குத் தந்தை இலங்கையிற் பிறந்திருக்க வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்திருக்க வேண்டும். அதன்பின் பிறந்த பிள்ளைக்குத் தந்தை பிரசையாயிருத்தல் வேண்டும். தாய் எங்கே பிறந்தாள், எத்தனை ஆண்டு உழைத்தாள் என்பது கேட்கப்படவில்லை. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டமோ தொடர்ச்சியான வதிவுக்குச் சான்று கேட்டது. லயத்து அறையில் வாழ்ந்தவளிடம் காணியுறுதியில்லை; பிறப்புச் சான்றும் பலரிடம் இருக்கவில்லை. பிள்ளை பிறந்த நாளை அவள் பெருமழை பெய்த ஆண்டாகவும், கவ்வாத்து வெட்டிய மலையாகவும் நினைவில் வைத்திருந்தாள். அந்நினைவு அலுவலகத்திலே செல்லுபடியாகவில்லை. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் செய்யப்பட, ஏறத்தாழ 1,34,000 பேரே பிரசைகளாயினர். 1947இல் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள் அடுத்த தேர்தலில் வாக்கற்றோராயினர்.

1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 9,75,000 பேர் எனக் கணிக்கப்பட்டோருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்கவும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவுசெய்யவும் இணங்கப்பட்டது. எஞ்சியோரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. பங்கிடப்பட்டவை எண்கள், பிரிந்தவையோ குடும்பங்கள். வயதுவந்த பிள்ளைகள் தனித்தனியே விண்ணப்பித்தமையால் மூத்தவன் இந்தியப் பிரசையாகவும் இளையவள் இலங்கைப் பிரசையாகவும் ஆகும் நிலை தோன்றியது. எந்தப் பிள்ளையுடன் வாழ்வது என்ற வினாவை எதிர்கொண்டவள் தாயே.

மலைநாட்டிலிருந்து அவர்களை ஏற்றிச்சென்ற வண்டியை மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்றனர். நாம் மனக்கண்முன் நிறுத்திய அத்தாயும் அறுபது வயதளவில், மூத்த மகனுடன் அதில் ஏறினாள் எனக் கொள்வோம். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கண்ட தோட்டவெளிப் பனைகளை எதிர்த்திசையிலே மீண்டும் கண்டாள். முன்னர் புறப்பட்ட தனுஷ்கோடியை 1964 டிசம்பர்ப் புயல் அழித்துவிட்டமையால் கப்பல் இராமேஸ்வரத்தை அடைந்தது. மறுபடியும் மண்டபம் முகாம். பின்னர், தாயகம் திரும்பியோருக்கென உருவாக்கப்பட்ட நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிலே அவளைப்போன்றோர் பலர் குடியமர்த்தப்பட்டனர். இங்கே ‘இந்தியாக்காரி’ எனப்பட்டவள் அங்கே ‘சிலோன்காரி’ எனப்பட்டாள். இரு கரையினரும் அவளுக்கு மறுகரையின் பெயரையே சூட்டினர்.

1984ஆம் ஆண்டில் போரினாற் கப்பற் சேவை நின்றது. 1977, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களால் மலைநாட்டைவிட்டு வன்னியிலே குடியேறியோருட் சிலர், பின்னர் அகதிகளாய்க் கடல் கடந்து அதே மண்டபம் முகாமிற் புகலடைந்தனர். ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையும் ஒரே முகாமின் வாயிலைக் கடக்க நேர்வது வரலாற்றிலே அரிதாய் நிகழும் கொடுமையாகும்.

இலங்கையில் எஞ்சிய நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் பிரசாவுரிமை வழங்கியது. அதே ஆண்டிலே பிரசாவுரிமைச் சட்டம் திருத்தப்பட்டுத் தாய்வழியாகவும் பிள்ளை பிரசையாகும் உரிமை ஏற்கப்பட்டது. 1948இல் கேட்கப்படாத வினா ஐம்பத்தைந்து ஆண்டுகளின் பின்னரே சட்டத்தில் இடம்பெற்றது. அதற்குள் அவ்வினாவுக்கு விடையாய் வாழ்ந்தோருட் பெரும்பாலார் மறைந்துவிட்டனர்.

போரிலே சிதைந்த புகையிரதப் பாதை 2015இல் தலைமன்னார் வரை மீண்டும் திறக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டிலே, மலையக மக்களின் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, முன்னோர் நடந்த வழியே மக்கள் நடந்தனர். இந்நடை முன்னோர்க்குச் செலுத்திய நன்றிக்கடனாகும். எனினும் கடன் முற்றத் தீர்ந்ததன்று. காணியுறுதியற்ற லயத்து வாழ்வு இன்னும் முடியவில்லை.

மாணவராகிய நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. சட்டம் சான்றாக ஏற்க மறுத்த அந்நினைவை வரலாற்றுச் சான்றாக ஏற்பதே அது. மலையகத்திலும் வன்னியிலும் நீலகிரியிலும் முதிய தாயர் சிலர் இன்னும் உளர். அவர்கள் பெருமழையையும் கவ்வாத்து மலையையும் கொண்டு ஆண்டுகளைக் கணிக்கும் மொழியிலேயே அவர்தம் வாழ்வைக் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். காலம் தாழ்த்தின், எண்ணிக்கைகள் மட்டுமே எஞ்சும்.