மீன் தொட்டியும் நீரேற்றும் பொறியும்

கண்ணாடித் தொட்டிக்குள் வண்ண மீன்கள் உலவுவதைக் கண்டு மகிழும் நாம், அதன் அடியில் ஓயாது ஓடிக்கொண்டிருக்கும் பம்பைப் பெரும்பாலும் நினைப்பதில்லை. தொட்டியிலிருந்து வழிந்து கீழே இறங்கும் நீரை மீண்டும் மேலே அனுப்புவது அதன் தொழில். மீன்கள் நெருக்கமாக வாழும் தொட்டியில் அது சில மணி நேரம் நின்றுவிட்டால், அவை மூச்சு முட்டி மடியவும் கூடும். அப்பொறி தோன்றிய வரலாற்றையும், அதற்கு நாம் கொடுக்கும் விலையையும் இங்கே காண்போம்.

பொறியின் துணையின்றியே மீன் வளர்க்கலாம் என்று காட்டியவர் லண்டன் நகரத்து ரசாயன அறிஞர் ராபர்ட் வாரிங்டன். நீர்ச்செடிகள் ஒளியில் வெளியிடும் பிராணவாயுவைக் கொண்டு மீன்கள் வாழும் என்பதை அவர் 1850இல் விளக்கினார். 1853இல் லண்டன் மிருகக்காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன் காட்சிச்சாலை திறக்கப்பட்டது. ஆயினும், தேங்கிய நீரில் இச்சமநிலை எளிதில் குலையும். இரவில் செடிகளும் பிராணவாயுவை உட்கொள்ளும். வெயில் மிகுந்தால் நீர் சூடேறிப் பாசி படரும்.

இக்குறைக்கு வழி கண்டவர் வில்லியம் ஆல்ஃபர்ட் லாயிட். 1864இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலும், 1871இல் லண்டனை அடுத்த சைடனத்தில் நின்ற கிரிஸ்டல் பாலஸ் என்னும் கண்ணாடி மாளிகையிலும் மீன் காட்சிச்சாலைகளை அவர் அமைத்தார். கண்ணாடி மாளிகையில் காட்சித் தொட்டிகளில் உள்ளதைப்போல் பல மடங்கு நீரை, ஒளி புகாத கீழ்த்தேக்கத்தில் நிரப்பினார். நீராவிப் பொறி அந்நீரை மேலேற்ற, அது தொட்டிகள் வழியே ஓடி மீண்டும் தேக்கத்தை அடைந்தது. ஓட்டத்தால் காற்று நீரில் கலந்தது. இருளால் பாசி அடங்கியது. தேக்கத்தின் குளிர்ச்சி வெப்பத்தைத் தணித்தது. இன்று வீட்டுத் தொட்டியின் கீழே வைக்கும் சிறு தொட்டி அவ்வேற்பாட்டின் சுருக்கமே.

அதே கண்ணாடி மாளிகை லண்டன் ஹைட் பார்க்கில் நின்றபோது, 1851ஆம் ஆண்டின் மாபெரும் பொருட்காட்சியில், ஜான் அப்போல்டு என்பவர் நீரைச் சுழற்றி வெளியே தள்ளும் பம்பு ஒன்றைக் காட்டினார். அதன் சக்கரத்து இதழ்கள் வளைந்தவை. செலுத்திய ஆற்றலில் 68 விழுக்காட்டை அது பயனாக்கியது; நேரான இதழ்கள் கொண்ட சக்கரமோ 24 விழுக்காட்டையே பயனாக்கியது. இன்றைய மீன் தொட்டிப் பம்பும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

இவ்வினப் பம்பிடம் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் ஒருங்கே மிகுதியாகப் பெற இயலாது. நீரை ஏற்றும் உயரம் கூடக் கூட, ஓட்டம் குறையும். ஓர் எல்லையில் சக்கரம் சுழலும். நீர் சற்றும் ஏறாது. குழாயின் உராய்வும் உயரத்தைப் போலவே தடையாகும். ஓட்டத்தை இரு மடங்காக்கினால் உராய்வுத் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஆதலின், அகன்ற குழாயும் குறைந்த வளைவுகளும் வேண்டும்.

மூன்றாவது செய்தி வெப்பம். மணிக்கு 2,000 லிட்டர் நீரை ஒன்றரை மீட்டர் ஏற்றுவதற்கு ஏறத்தாழ 8 வாட் ஆற்றலே தேவை. பம்பு 50 வாட் மின்சாரம் கொள்ளுமாயின், எஞ்சிய 42 வாட் வெப்பமாகும். மேலேறிய நீர் மீண்டும் கீழே விழும்போது அந்த 8 வாட்டும் வெப்பமாகவே முடியும். நீரில் மூழ்கிய பம்பானால், வெப்பம் முழுவதும் நீரையே சேரும். வெப்பம் வெளியேறாத 400 லிட்டர் நீர், பத்து மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு டிகிரி சூடேறும்.

குளிர்நாட்டில் இவ்வெப்பம் உதவியாகவும் அமையலாம். 1909இல் சென்னையிலும், 1951இல் பம்பாயிலும் மீன் காட்சிச்சாலைகளைக் கண்ட நம் நாட்டிலோ, நீர் இயல்பாகவே வெதுவெதுப்பானது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராமே தாங்கும். அதே வெம்மையில் மீனின் தேவையோ மிகும். ஆகவே, தொட்டி வைக்க விரும்பும் நேயர்கள் பெரிய பம்பே நல்லது என்று எண்ண வேண்டாம். உயரத்தை அளந்து, வேண்டிய ஓட்டத்தைத் தரும் பம்பைத் தேர்க. மாற்றுப் பம்பு ஒன்றையும் வீட்டில் வைத்திருத்தல் நலம்.